முதலில் கொட்டை, அப்புறம் கிரைண்டர்: வீட்டில் ஸ்பெஷாலிட்டி காபி போடும் முறை

வீட்டில் நல்ல ஸ்பெஷாலிட்டி காபி போட என்ன வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மெஷின் வாங்காதீர்கள் என்பதுதான். கையில் இருக்கிற பணத்தை முதலில் நல்ல கொட்டைக்கும் அடுத்து ஒழுங்கான ஒரு கிரைண்டருக்கும் போடுங்கள். வடிப்பதற்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் கூம்பு போதும், அதுவும் வேண்டாம் என்றால் அடுக்களையில் ஏற்கெனவே இருக்கும் எவர்சில்வர் ஃபில்டரே போதும். விலை உயர்ந்த எஸ்பிரெஸோ மெஷினை வாங்கி வைத்து அதில் எப்போது வறுத்தது என்றே தெரியாத தூளைப் போட்டால், அந்தத் தூளில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் கப்பில் வரும். இந்த வரிசையை மட்டும் மாற்றாமல் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

சரி, ஸ்பெஷாலிட்டி என்று எதைச் சொல்கிறார்கள்? ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்ற அமைப்பின் முறையில் பயிற்சி பெற்றவர்கள் சுவைத்துப் பார்த்து 100-க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் கொடுத்த காபி என்பது நெடுநாளாக இருந்துவரும் கணக்கு. அதோடு 350 கிராம் பச்சைக் கொட்டையைக் கொட்டிப் பார்த்தால் முழுக்கக் கறுத்தது, புளித்துப் போனது, பூஞ்சை பிடித்தது போன்ற பெரிய குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. நம் ஊர்க் காபித்தூள் கடைகளில் பல காலமாகப் புழங்கும் பிளான்டேஷன் ஏ, பீபெரி, செர்ரி என்பவையும் தரப் பெயர்கள்தான், ஆனால் அவை சொல்வது வேறு. பிளான்டேஷன் என்றால் பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. ஏ என்பது கொட்டையின் அளவு. பீபெரி என்பது ஒரு பழத்துக்குள் இரண்டாக விளைய வேண்டியது ஒன்றாக உருண்டு விளைந்தது, செர்ரி என்பது பழத்தோடு அப்படியே காயவைத்தது. எந்தத் தோட்டம், எந்த அறுவடை, என்றைக்கு வறுத்தது என்ற மூன்றையும் இந்தப் பெயர்கள் சொல்லாது, ஆனால் வீட்டில் காபி போடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த மூன்றும்தான்.

இதற்காக எத்தியோப்பியாவிலிருந்தோ கொலம்பியாவிலிருந்தோ கொட்டை தேடிப் போக வேண்டியதில்லை. இந்தியக் காபியின் பெரும்பகுதி கர்நாடகத்தில் விளைகிறது, மொத்த விளைச்சலில் ரோபஸ்டாதான் அதிகம். தமிழ்நாட்டில் விளைவது அளவில் குறைவு என்றாலும் அதில் பெரும்பங்கு அராபிகா, அதுவும் மர நிழலில் மிளகுக் கொடிகளோடு சேர்ந்து வளர்வது. சேர்வராயன் மலையில் ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, அப்புறம் சிறுமலை, நீலகிரி, வால்பாறை என்று நம் மலைகளிலேயே நல்ல காபி இருக்கிறது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஏற்காட்டின் ரிவர்டேல் தோட்டத்துக் காபி போல, தோட்டத்தின் பெயரை மேலே போட்டு விற்கும் பாக்கெட்டுகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. கர்நாடகத்தில் சிக்மகளூர், பாபாபுதன்கிரி, குடகு, பிலிகிரிரங்கன் மலை, ஆந்திரத்தில் அரக்கு, இவையெல்லாம் ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்க்க வேண்டியவை.

பாக்கெட்டின் மேல் நிறைய எழுதியிருக்கும், அதில் முதலில் பார்க்க வேண்டியது வறுத்த தேதி. 'பேக் செய்த தேதி' மட்டும் இருந்து வறுத்த தேதி இல்லாவிட்டால் நான் வாங்க மாட்டேன். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய அடைபட்டிருக்கும், அது மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் நல்ல பாக்கெட்டுகளில் காற்றை வெளியே மட்டும் விடும் சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். வறுத்த மறுநாளே போட்டால் இந்த வாயு தண்ணீரைக் கொட்டைக்குள் இறங்க விடாமல் தள்ளும், ருசி கூர்மையாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். ஒரு வாரம் பொறுத்து, லேசான வறுவல் என்றால் 10, 12 நாள் பொறுத்துத் திறந்தால் மணம் தெளிவாக வரும். திறந்த பிறகு மூன்று நான்கு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒரு கப்புக்கு 15 கிராம் என்று வைத்தால் 250 கிராம் பாக்கெட்டில் 16 கப் கிடைக்கும், தினம் ஒரு கப் குடிக்கிறவருக்கு இதுவே சரியான அளவு. சலுகை விலை என்று ஒரு கிலோ வாங்கி வைப்பதில் லாபம் இல்லை, கடைசி அரைக் கிலோவில் மணம் போயிருக்கும்.

அடுத்து பதப்படுத்திய முறை. இது ருசியை மாற்றுகிற அளவுக்கு, தொடங்குகிறவருக்கு வேறு எதுவும் மாற்றாது. கழுவிய காபி, அதாவது வாஷ்ட், தெளிவாக, லேசான எலுமிச்சை அல்லது ஆரஞ்சுப் புளிப்போடு, முடிவில் சுத்தமாக இருக்கும். பழத்தோடு காயவைத்த நேச்சுரல் காபியில் உலர்ந்த திராட்சை, பலாப்பழம், சில சமயம் ஒயின் மாதிரி ஒரு புளித்த வாடைகூட வரும், சிலருக்கு முதல் வாயிலேயே பிடிக்கும், சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. சதையின் பிசுக்கைக் கொஞ்சம் விட்டுக் காயவைக்கும் ஹனி முறை இரண்டுக்கும் நடுவில். மான்சூன்டு மலபார் என்று ஒன்று இருக்கிறது, மேற்குக் கடற்கரையில் பருவக்காற்றின் ஈரத்தில் கொட்டையைப் பரப்பி வைத்து ஊதவிடுவார்கள். புளிப்பு ஏறக்குறைய இல்லாமல் கனமாக, கொஞ்சம் மண் மணத்தோடு இருக்கும், பாலோடு குடிக்கிறவர்களுக்கு அருமையாகப் பொருந்தும். முதல் பாக்கெட்டாக எதை வாங்குவது என்று கேட்டால், கழுவிய அராபிகா, நடுத்தர வறுவல், தோட்டத்துப் பெயரோடு. பாக்கெட்டில் எஸ்.795, செலக்‌ஷன் 9, சந்திரகிரி என்றெல்லாம் இருந்தால் அவை செடியின் ரகங்கள். கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் 1925-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து வளர்ந்த பெயர்கள் அவை, இப்போதைக்குத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

கிரைண்டருக்கு வருவோம், இதில்தான் நிறையப் பேர் சிக்கனம் பார்க்கிறார்கள். மிக்ஸியில் பிளேடு கொட்டையை வெட்டுகிறது, வெட்டும்போது பாதி மாவாகிவிடும், பாதி குருணையாக நிற்கும். மாவு தண்ணீர் பட்ட உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கசக்க ஆரம்பிக்கும், குருணை உள்ளே இருப்பதைக் கொடுக்காமல் புளிப்போடு நின்றுவிடும், இரண்டும் ஒரே கப்பில் சேர்ந்தால் எதைத் திருத்துவது என்றே தெரியாது. பர் கிரைண்டரில் இரண்டு பல் வட்டங்களுக்கு நடுவே கொட்டை நசுங்கி ஏறக்குறைய ஒரே அளவில் விழும். கையால் சுற்றும் பர் கிரைண்டர் ஒன்றை, எஃகுப் பல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பீங்கான் பல் உள்ள மலிவானவை மெதுவாக அரைக்கும், அளவும் சீராக வராது. 15 கிராம் அரைக்க ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகவோ கூடவோ ஆகும். குடும்பத்தில் நாலு பேர் காலையில் குடிக்கிறீர்கள் என்றால் மட்டும் மின்சார பர் கிரைண்டரை யோசியுங்கள்.

கிரைண்டர் வாங்கும் வரை? வறுத்துக் கொடுப்பவரிடமே எதில் போடப் போகிறீர்கள் என்று சொல்லி அரைத்து வாங்குங்கள், சின்ன பாக்கெட்டாக. தெருமுனைக் காபித்தூள் கடையில் கொடுத்து அரைக்க வேண்டாம். அந்த மெஷினில் காலையிலிருந்து சிக்கரி கலந்த தூள் போயிருக்கும், அதன் மிச்சம் உங்கள் தூளோடு சேரும், அதோடு மெஷின் சூட்டில் மணமும் போகும். அரைத்த காபி நாளுக்கு நாள் இல்லை, மணிக்கு மணி மணம் இழக்கிறது. ஆகவே போடுவதற்குச் சற்று முன் அரைப்பது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அரைக்கும் அளவுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். வி60 மாதிரிப் பேப்பர் வைத்து வடிக்கும் கூம்புக்குப் பம்பாய் ரவை பதம். தூளை ஊறவைத்து வடிதட்டை இறக்கி ஊற்றும் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு அதைவிடப் பெரிது. எவர்சில்வர் ஃபில்டருக்கு ரவையைவிடச் சன்னமாக, விரலில் தேய்த்தால் நெருநெருவென்று இருக்க வேண்டும், மாவாகிவிடக் கூடாது. இங்கிருந்து தொடங்கி ருசியைப் பார்த்து நகர்த்திக்கொள்ளலாம்.

தராசு வாங்குங்கள். 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஸ்பூன் கணக்கு காபிக்கு ஒத்துவராது, லேசாக வறுத்த கொட்டை கனமாக இருக்கும், கருக வறுத்தது ஊதி எடை குறைந்திருக்கும், ஒரே ஸ்பூனில் இரண்டும் வெவ்வேறு எடை. மூக்கு நீண்ட கெட்டில் இருந்தால் வசதி. இல்லாவிட்டால் எவர்சில்வர் கெண்டி ஒன்றில் கொதித்த தண்ணீரை மாற்றி ஊற்றலாம், கெண்டியை முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கப்பில் 98 சதவீதத்துக்கு மேல் இருப்பது தண்ணீர்தான், நம் ஊர்களில் பல வீடுகளில் நல்ல கொட்டை தோற்றுப்போவதும் இங்கேதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு, டிடிஎஸ் என்பது, 75-இலிருந்து 250 பிபிஎம்முக்குள் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு), நடுவில் 150 அளவில் இருந்தால் காபிக்கு நல்லது என்பது ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் நெடுங்காலம் சொல்லிவந்த வரம்பு. சென்னையில் பல இடங்களின் போர்வெல் தண்ணீர் இதைவிட மிக அதிகம். அந்தத் தண்ணீரில் காபியின் பழப் புளிப்பு அமுங்கிப்போய் சுண்ணாம்பு மாதிரித் தட்டையாக வரும், கெட்டிலிலும் வெள்ளையாகப் படியும். அதற்காக ஆர்ஓ தண்ணீரை ஊற்றினால், பல வீட்டு மெஷின்களில் அது 30, 40 அளவுக்கு இறங்கியிருக்கும், அதில் காபி கனமே இல்லாமல் வெற்றுப் புளிப்பாக நிற்கும். கால்சியமும் மக்னீசியமும் கொஞ்சம் இருந்தால்தான் ருசி ஒழுங்காகக் கரைந்து வருகிறது. நிறைய ஆர்ஓ மெஷின்களில் டிடிஎஸ்ஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும், சர்வீஸ் செய்ய வருபவரிடம் 100-க்கு மேல் வைக்கச் சொல்லலாம். இல்லையென்றால் முக்கால் பங்கு ஆர்ஓவில் கால் பங்கு குடிநீர்க் குழாய்த் தண்ணீரைச் சேர்த்துக் கொதிக்கவையுங்கள். டிடிஎஸ் மீட்டர் விலை குறைவுதான், ஒன்று வாங்கி எல்லாத் தண்ணீரையும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது நல்லது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்கு இந்தப் பாடு பெரிதாக இல்லை, வடிகட்டிக் கொதிக்கவைத்தால் போதும்.

சூடு 92-இலிருந்து 96 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் பொறுக்கவே வேண்டாம், அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே ஏறக்குறைய 93 டிகிரியில்தான், கொதிக்கக் கொதிக்க அப்படியே ஊற்றலாம். லேசாக வறுத்த கொட்டைக்கு அதிகச் சூடு, கருக வறுத்ததற்குக் குறைந்த சூடு, 88, 90 வரைகூட இறங்கலாம்.

இப்போது வி60. ஜப்பானின் ஹாரியோ நிறுவனத்தின் கூம்பு இது, பக்கச் சுவர் 60 டிகிரிக் கோணத்தில் இருப்பதால் அந்தப் பெயர். பீங்கான், கண்ணாடி, உலோகம் என்று வரும். பிளாஸ்டிக்கே வாங்குங்கள், விலை குறைவு, சூட்டையும் இழுத்துக்கொள்ளாது. 15 கிராம் கொட்டை, 250 கிராம் தண்ணீர். பேப்பரின் ஒட்டிய ஓரத்தை மடித்துக் கூம்பில் பொருத்தி, வெந்நீர் ஊற்றி நன்றாக நனைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் காகித வாடை கப்பில் தெரியும். அரைத்த தூளைப் போட்டு லேசாகத் தட்டிச் சமமாக்கி, தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, கடிகாரத்தை ஓடவிட்டு 45 கிராம் தண்ணீரைத் தூள் முழுக்க நனையும்படி ஊற்றுங்கள். தூள் குமிழ் விட்டு உப்பும், இதைத்தான் ப்ளூம் என்பார்கள், அடைபட்ட வாயு வெளியேறுகிறது. உப்பவே இல்லை என்றால் கொட்டை பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். கூம்பைக் கையில் பிடித்து ஒரு சுற்றுச் சுழற்றி, 40 நொடி வரை பொறுங்கள். அப்புறம் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக வட்டமாக, மெல்லிய தாரையாக, கடிகாரத்தில் ஒரு நிமிடம் 15 நொடி ஆகும்போது தராசு 150 காட்டும்படி ஊற்றுங்கள். கொஞ்சம் இறங்கட்டும். ஒரு நிமிடம் 50 நொடிக்குள் 250 வரை ஊற்றி முடித்து, கூம்பை மறுபடி லேசாக ஒரு சுழற்றுச் சுழற்றிவிடுங்கள், தூள் சுவரில் ஒட்டாமல் சமமாகப் படியும். இரண்டே முக்கால் நிமிடத்திலிருந்து மூன்றேகால் நிமிடத்துக்குள் வடிந்து முடிந்தால் நல்ல தொடக்கம். பேப்பரின் சுவரோரமாக மட்டும் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீர் தூளைத் தொடாமல் கீழே போய்விடும்.

குடித்துப் பாருங்கள், சர்க்கரை இல்லாமல், உடனே இல்லை, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு. இங்கேதான் கற்றுக்கொள்வது தொடங்குகிறது. தண்ணீர் கொட்டையிலிருந்து முதலில் புளிப்பை எடுக்கிறது, அடுத்து இனிப்பை, கடைசியில் கசப்பையும் வாயை உலரவைக்கும் துவர்ப்பையும். இதை நீங்களே பார்க்கலாம். வி60 வடியும்போது முதல் ஒரு பங்கை ஒரு டம்ளரிலும் அடுத்ததை இன்னொன்றிலும் கடைசியை மூன்றாவதிலும் பிடித்துத் தனித்தனியாக ஒரு வாய் குடியுங்கள். முதல் டம்ளர் புளித்துக் கொழகொழவென்று குடிக்க முடியாமல் இருக்கும், இரண்டாவது இனிக்கும், மூன்றாவது நீர்த்துக் கசக்கும், மூன்றையும் ஒன்றாக ஊற்றினால் நல்ல காபி. இந்தச் சோதனையை ஒருமுறை செய்தவருக்கு அதற்குப் பிறகு எந்த விளக்கமும் தேவைப்படாது, கப்பில் எந்தப் பங்கு கூடிவிட்டது என்பது நாக்குக்கே தெரிந்துவிடும். அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியலாளர் 1950-களில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்: கொட்டையின் எடையில் 18-இலிருந்து 22 சதவீதம் வரை கரைந்து வந்தால் பெரும்பாலானவர்களுக்கு ருசி பிடிக்கிறது என்று.

ஆக, நாக்கின் ஓரத்தைக் கூசவைக்கும் பச்சைப் புளிப்பு, முடிவில் வெறுமை, இப்படி இருந்தால் கரைந்தது போதவில்லை. இன்னும் சன்னமாக அரையுங்கள். தொண்டையில் நிற்கும் கசப்பு, நாக்கு காய்ந்துபோவது, இப்படி என்றால் அதிகமாகக் கரைந்துவிட்டது, கொஞ்சம் பெரிதாக அரையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அரைப்பையும் சூட்டையும் சேர்த்து மாற்றினால் எது திருத்தியது என்று தெரியாது. திடம் என்பது இதிலிருந்து தனி. ருசி சரியாக இருந்து நீர்த்த மாதிரி மட்டும் தெரிந்தால் தூளை 16, 17 கிராமாகக் கூட்டினால் போதும். கசப்பையே திடம் என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம், இந்தக் காபிகளில் கசப்பே இல்லாமல் திடம் வரும். புளிப்பு என்றாலே குறை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம், நல்ல ஆரஞ்சில் இனிப்போடு சேர்ந்து வருகிற புளிப்பு ஏற்காட்டுக் காபியிலும் வரும், அதுதான் அந்தக் காபியின் அழகு.

இனி நம் ஃபில்டர். ஸ்பெஷாலிட்டி காபி என்றால் பேப்பர் கூம்புதான், ஃபில்டர் காபி அதற்குக் கீழே என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது, எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஃபில்டர் மெதுவாக, அடர்த்தியாக வடிக்கும் அருமையான சாதனம், நாம் அதில் போட்டுவந்த பொருள்தான் மாற வேண்டும். கடைத் தூளில் 80:20, 60:40 என்று சிக்கரி சேர்ப்பது வழக்கம். சட்டப்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலவை விகிதத்தைப் பாக்கெட்டில் போடவும் வேண்டும், அடுத்த முறை திருப்பிப் பாருங்கள். சிக்கரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஊறும், வடிவதைத் தாமதப்படுத்தும், டிகாக்‌ஷனுக்குக் கறுப்பு நிறத்தையும் கொடுக்கும். அது இல்லாமல் தனிக் காபி போடும்போது வேகமாக இறங்கிவிடும், நிறமும் செம்பழுப்பாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து நீர்த்துவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.

முறை இது. மேல் பாத்திரத்தை வெந்நீரில் அலசிச் சூடாக்கித் துடைத்து, 20 கிராம் சன்னமாக அரைத்த தூளைப் போட்டுத் தட்டிச் சமமாக்குங்கள். குடையை மேலே வையுங்கள், அதன் எடையே போதும், லேசாக ஓர் அழுத்து மட்டும், அமுக்கிக் கெட்டிப்படுத்தினால் ஓரத்தில் மட்டும் தண்ணீர் வழிந்து நடுத்தூள் வறண்டே கிடக்கும். 40 கிராம் வெந்நீரை குடையின் மேல் மெதுவாக ஊற்றி ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் 100 கிராம் ஊற்றி மூடிவிடுங்கள். தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே கீழே 100 கிராம் அளவு டிகாக்‌ஷன் கிடைக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டால் இன்னும் சன்னமாக அரையுங்கள், அரை மணி நேரம் நின்றால் பெரிதாக்குங்கள், ஓட்டைகளையும் ஒரு பார்வை பாருங்கள். அடைத்துப்போன தட்டை அடுப்புத் தீயில் காட்டிச் சுட்டு, தட்டிக் கழுவுவது பழைய வழி, அது இப்போதும் வேலை செய்கிறது.

இந்த டிகாக்‌ஷனில் பாதியை எடுத்து இரண்டு மடங்கு வெந்நீர் சேர்த்துக் கடுங்காப்பியாகக் குடித்துப் பாருங்கள், பேப்பர் கூம்பில் வராத ஒரு கனம் இதில் வரும். பால் சேர்ப்பதானால் கொட்டையைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும். லேசாக வறுத்த கழுவிய அராபிகாவின் புளிப்பு பாலோடு சேராது, நல்லா இருக்காது, பால் சற்றுப் பழையதாக இருந்தால் திரியவும் கூடும். நடுத்தரத்துக்கு மேல் வறுத்த பீபெரி, மான்சூன்டு மலபார், அல்லது காப்பி ராயல் என்ற பெயரில் வரும் உயர்தரக் கழுவிய ரோபஸ்டாவைக் கால் பங்கு கலந்தது, இவை பாலில் சாக்லேட் மாதிரி நிற்கும். பாலைப் பொங்கவிட்டுப் பொங்கவிட்டுக் காய்ச்ச வேண்டாம், காய்ச்சிய பாலை 65, 70 டிகிரி வரை சூடாக்கினால் பாலின் இனிப்பே தெரியும், சர்க்கரை பாதியாகக் குறையும். டிகாக்‌ஷனைத் திரும்பச் சூடாக்காதீர்கள், காலையில் இறக்கியதை மாலைக்கு வைக்காதீர்கள்.

மற்ற சாதனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு பிரஸ் சோம்பலான காலைக்கு: 30 கிராம் தூள், 500 கிராம் தண்ணீர், நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் ஏட்டைக் கலக்கி நுரையை ஸ்பூனால் எடுத்துவிட்டு இன்னும் நாலைந்து நிமிடம் பொறுத்து, வடிதட்டை அடி வரை அமுக்காமல் மேலாகவே வைத்து ஊற்றுங்கள், மண்டி குறைவாக வரும். பேப்பர் வழியாக வடிக்காத காபியில் கஃபெஸ்டால் என்ற கொழுப்புப் பொருள் தங்கிவிடும், அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டக்கூடியது, அந்தத் தொந்தரவு உள்ளவர்கள் தினசரிக் குடிப்புக்குப் பேப்பர் முறையையே வைத்துக்கொள்ளுங்கள். ஆலன் ஆட்லர் 2005-இல் கொண்டுவந்த ஏரோபிரஸ், அதாவது குழாய்க்குள் கையால் அமுக்கி வடிக்கும் சாதனம், பயணத்துக்கு ஏற்றது, உடையாது, கழுவ ஒரு நிமிடம்கூட ஆகாது. மோக்கா பாட் அடுப்பில் வைத்துப் போடுவது, அதில் தண்ணீரைக் கொதிக்கவைத்தே அடியில் ஊற்றிச் சின்ன தீயில் வையுங்கள், சீறத் தொடங்கியதும் இறக்கி அடிப்பாகத்தை ஈரத்துணியில் வைத்துவிட்டால் கசப்பு ஏறாது. சித்திரை வெயிலுக்குக் கோல்ட் ப்ரூ: 60 கிராம் பெரிதாக அரைத்த தூளை 600 கிராம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் 14, 16 மணி நேரம் வைத்து வடித்தால் ஆயிற்று.

கொட்டையை வைக்கும் இடம் ஃபிரிட்ஜ் இல்லை, அங்கே ஈரமும் சாம்பார் வாடையும் சேரும். வந்த பாக்கெட்டிலேயே காற்றை அமுக்கி வெளியேற்றி, மூடி, அடுப்பிலிருந்து தள்ளி இருக்கும் அலமாரியில் வையுங்கள். அதிகம் வாங்கிவிட்டால் ஒரு கப்புக்கான அளவாகச் சின்னச் சின்ன டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து ஃபிரீசரில் வைக்கலாம், எடுத்ததை அப்படியே அரைத்துவிட வேண்டும், திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. கிரைண்டரை வாரம் ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள், தண்ணீர் காட்டாதீர்கள். பழைய காபி எண்ணெய் சிக்குப் பிடித்தால் எந்தப் புதுக் கொட்டையிலும் அதன் வாடை ஏறும்.

இவ்வளவும் பழகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாக்கெட் வாங்கி வீட்டிலேயே கப்பிங், அதாவது காபிகளை அருகருகே வைத்துச் சுவைத்து ஒப்பிடுவது, செய்து பாருங்கள், நாக்கு பழக இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே அளவுள்ள இரண்டு டம்ளரில் ஒவ்வொரு காபியையும் எட்டேகால் கிராம் போட்டு, முதலில் தூளை மோந்து பாருங்கள். கொதித்து அடங்கிய தண்ணீரை ஒவ்வொன்றிலும் 150 கிராம் ஊற்றி நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். மேலே திரண்டிருக்கும் ஏட்டை மூக்கை அருகில் வைத்துக்கொண்டு ஸ்பூனால் உடையுங்கள், மணம் மொத்தமாக எழும்பும். நுரையை அள்ளி எறிந்துவிட்டு, பத்து நிமிடம் ஆனதும் ஸ்பூனில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள், உறிஞ்சினால்தான் மணம் மூக்கின் பின்பக்கம் ஏறும். ஒன்றைக் குடித்து அடுத்ததைக் குடித்து மறுபடி முதலாவதுக்கு வாருங்கள், தனியாகக் குடித்தால் தெரியாத வித்தியாசம் இப்படி மாறி மாறிக் குடிக்கும்போது பளிச்சென்று தெரியும். ஆற ஆறத் திரும்பத் திரும்பச் சுவையுங்கள், சூட்டில் மறைந்திருந்த இனிப்பும் குறையும் வெதுவெதுப்பாகும்போதுதான் வெளியே வரும். முதல் ஜோடிக்கு ஏற்காட்டுக் கழுவிய காபி ஒன்றும் சிக்மகளூர் நேச்சுரல் ஒன்றும் எடுங்கள், அடுத்ததற்குக் கீழ்மலையும் அரக்கும்.